விதை தெளிப்பும் ஒலிபரப்பும்

உரம் வந்தால் ஊரில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டுக் கொடு என்று அண்ணன் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளாக அந்த 'பிராட்காஸ்ட்' என்ற வார்த்தையே மனதில் ஓடுகிறது.

அது வானொலிக்காரர்கள் உண்டாக்கிய சொல் இல்லை. வானொலி பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே, விதையைக் கையால் அகலமாக வீசித் தெளிப்பதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். வேளாண் பாடங்களில் இன்றும் கைவிதைப்புக்கு அதுதான் பெயர்.

அப்பா நாற்றங்காலில் விதை தெளிப்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் வைக்கோல் போட்டு மூடிய சாக்கைப் பிரித்தால் கதகதப்பும் புளித்த வாசமும் வரும். நெல்லின் நுனியில் வெள்ளை முளை. காற்று ஓய்ந்த சாயங்காலமாகப் பார்த்து இறங்குவார். கூடை இடது இடுப்பில். கைப்பிடி விதையை விரல் இடுக்கு வழியே விட்டபடி மணிக்கட்டைச் சுழற்றுவார். அள்ளி எறிந்தால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எந்த விதை எங்கே விழும் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் சேறு முழுக்கச் சீராகப் பரவியிருக்கும்.

தமிழிலும் ஒலி'பரப்பு' என்றுதானே வைத்தோம்! அதனால்தான் வானொலியைப் பற்றி எழுதும்போது யாராவது 'ஒளிபரப்பு' என்று ளகரம் போட்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. அது தொலைக்காட்சிக்கு.

1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல் ரகம் வந்தது. 1939 முதல் இயங்கிவந்த திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயராகிவிட்டது. எங்கள் தாத்தா கடைசி வரை வேறு பெயர் சொன்னதில்லை. வயலிலிருந்து வானொலிக்குப் போன சொல், எங்கள் ஊரில் நெல்லாகத் திரும்பியிருக்கிறது.

வாட்ஸ்அப் லிஸ்ட் அப்படியா? ஒரு பட்டியலில் 256 பேர்தான். நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். இது விதைப்பு இல்லை. நாற்றை எண்ணி ஊன்றுகிற நடவு.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எழுந்து போய், கோயில் மைக்கிலும் ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை உர வரிசையில் முதலில் நின்றது, செல்போனே இல்லாத மேலத்தெருப் பாட்டி.