இதைச் செய்தது யார்?

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் என் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, இரவு உறங்கப் போகும் முன் அன்றைக்கு நன்றி சொல்லத் தக்க மூன்றை எழுதி வைக்குமாறு கூறினேன். முதல் வாரம் ஆர்வமாக எழுதினார்கள். இரண்டாம் வாரம் பார்த்தபோது, ஒன்பது வயது மகள் "சோறு, வீடு, குடும்பம்" என்ற அதே மூன்று சொற்களை ஐந்து நாளும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். பதின்மூன்று வயது மகன் ஏட்டைத் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இதுவும் வீட்டுப்பாடமாம்மா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை அன்றிரவே உணர்ந்தேன்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டிருந்த என் அம்மாதான் வழி சொன்னார். "எதுக்கு நன்றின்னு கேட்டா புள்ள சோறுன்னுதான் எழுதும். யாரு செஞ்சாங்கன்னு கேளு."

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது வாயால் சொல்லும் சொல்லைக் குறிப்பதில்லை; பிறர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது. அந்த நன்மையை அறிந்திருக்க வேண்டும் என்பதே தலைப்பு. பள்ளியில் மனப்பாடம் செய்த அதிகாரம்தான் என்றாலும், தம் வாழ்நாளில் முப்பத்தொரு ஆண்டுகளைப் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்துக் கழித்த என் அம்மா சொன்ன பிறகே அந்த 'அறிதல்' எனக்கு விளங்கியது. யார் செய்தார் என்பதே தெரியாத குழந்தையிடம் நன்றியை எதிர்பார்த்து என்ன பயன்?

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். நான் பிறந்த தோட்டத்தில் இன்று பால்மரமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பலர் ஊரைச் சுற்றியுள்ள தாமான் என்னும் குடியிருப்புகளில் வசிக்கிறோம். லயத்து வாழ்க்கையில் எங்களோடு மிஞ்சி வந்தது "பசியாறியாச்சா?" என்ற கேள்வி. காலையில் யாரைக் கண்டாலும் இதைத்தான் முதலில் கேட்போம். அதனால் எங்கள் வீட்டு வழக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பசியாறலோடு சேர்த்துக்கொண்டோம். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் என் கணவர், பிள்ளைகள், அம்மா, நான் ஐவரும் ஒன்றாக அமர முடிகிறது. தோசை தட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தமக்கு நன்மை செய்த ஒருவரையும், அவர் செய்த ஒரு செயலையும் சொல்ல வேண்டும். 'எல்லாருக்கும்', 'எல்லாவற்றுக்கும்' என்ற சொற்களுக்கு இடமில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதவர் மற்றவர் சொல்வதைக் கேட்டிருந்தால் போதும், வற்புறுத்துவதில்லை. மகன் முதல் இரண்டு மாதம் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தான்.

மகளிடம் மாற்றம் விரைவாக வந்தது. கொட்டும் மழையில் வேன் மாமா குடையோடு பள்ளி வாசல்வரை வந்து தன்னை அழைத்துப் போனதையும், அதில் அவருடைய ஒரு பக்கச் சட்டை முழுதும் நனைந்துவிட்டதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அந்த நனைந்த சட்டையைக் கண்டு மனத்தில் வைத்திருந்தாளே, அதைத்தான் குறிப்பேட்டில் நான் தேடியிருக்கிறேன்.

ஆயுத பூசையன்று அம்மா தம் பழைய வெட்டுக் கத்தியை எடுத்து வைப்பார். முன்பு அவர் மட்டும் செய்து வந்ததை இப்போது குடும்பத்தின் சடங்காக ஆக்கியிருக்கிறோம். கணவரின் ஸ்பேனரும், மகளின் எழுதுகோல் பெட்டியும், என் கத்தரிக்கோலும் அதன் அருகில் வரிசையாக இருக்கும். சென்ற பூசையில் மகன் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்து, இதனால் எப்படி வெட்டுவது என்று கேட்டான். அம்மா கத்திரிக்காய் ஒன்றை எடுத்து, நுனியைச் சாய்வாக வைத்து, தோலை மட்டும் நூல்போல இழுத்துக் காட்டினார். ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவ வேண்டும். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் நெருக்கமாக இருப்பதால் ஆழமாகவும் போக வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அதில் ஒழுங்காக வெட்ட முடியாது. விடியும் முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். மரம் நனைந்த நாளில் வெட்டும் இல்லை, அம்மா வேலை செய்த பெரும்பாலான காலத்தில் அந்த நாளுக்குச் சம்பளமும் இல்லை. "மரத்துக்கு வலிக்காம எடுக்கணும்பா, நாளைக்கும் அதுதான நமக்குச் சோறு போடணும்" என்று சொல்லிக் கத்தியை மஞ்சள் துணியின் மேல் வைத்தார். மகன் அந்தக் கத்திரிக்காய்த் தோலை வெகுநேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடுவது இங்கே பெரும்பாலான தமிழர் வீடுகளில் உள்ள வழக்கம். நாங்கள் அதில் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: படையலில் வைக்கும் ஒவ்வொரு பண்டத்தையும் யாருக்காக வைக்கிறோம், அவர் நமக்கு என்ன செய்துவிட்டுப் போனார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிய பிறகே கற்பூரம் ஏற்றுவோம். தாத்தாவுக்குப் பால் சேர்க்காத வரக்கோப்பியும் பிஸ்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் நாட்டுப் பணம்) கட்டிச் சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. தாத்தாவும் அப்படிக் கட்டியவர். அந்தப் பத்து வெள்ளிக்காக அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று பாட்டி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதையே நான் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கோப்பி ஆறிவிடும் என்று யாரும் அவசரப்படுத்துவதில்லை.

வேறொரு சிறிய வழக்கமும் உண்டு. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் என்னும் இறைச்சிக் கறி அனுப்பிய மங்குக் கிண்ணத்தில் எங்கள் முறுக்கு போகும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கைப்பிடிச் சீனியாவது போகும். இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. மங்கைக் கையில் கொடுத்தால் தாமாகவே சீனி டப்பாவை நோக்கி நடக்கிறார்கள்.

இந்தப் பொங்கலன்று முதல் தூக்குச் சட்டியை எங்கள் பழைய ஆயாவுக்கு எடுத்துச் சென்றோம். பெற்றோர் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் முன், விடியற்காலை ஐந்து மணிக்கே கைக்குழந்தைகளைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். என்னையும் அங்கேதான் விட்டார்கள். வரிசையாகக் கட்டிய துணித் தொட்டில்களில் கிடந்த குழந்தைகளுள் நானும் ஒருத்தி. ஆயாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. என் குரலைக் கேட்டதும் பெயர் சொல்லி அழைத்து, மகனின் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஒங்கம்மா அழுதா நிறுத்தவே மாட்டாய்யா. கீழ விட்டா அழுவா. இடுப்புல வச்சிக்கிட்டேதான் மத்த புள்ளைங்களுக்கெல்லாம் பால் கலக்குவேன். ஒங்க பாட்டி மரத்துப் பாலை எடை போட்டுட்டு வர்ற வரைக்கும் இறக்கினதில்ல."

என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அழுத குழந்தையை விட்டுவிட்டு இருட்டில் நடந்த அந்தக் காலைகளைப் பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. நாங்கள் புறப்பட்டபோது ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், கழுவிய தூக்குச் சட்டியில் சீனி போட்டுக் கொண்டுவந்து மகனிடம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாற உட்கார்ந்தோம். மகள் சொன்னாள், கணவர் சொன்னார், நான் சொன்னேன். மகனைத் தாண்டி அம்மாவின் பக்கம் திரும்பினேன். அப்போது அவன் தோசையைப் பிய்த்தபடியே, "ஆயா" என்றான்.

"என்ன செஞ்சாங்கப்பா?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா அழுதப்ப கீழ இறக்கி விடல."