புதிய அரேஞ்சர் கீபோர்டுடன் ஆறு வாரங்கள்

எங்கள் மெல்லிசைக் குழுவுக்காக நான் வாங்கிய யமஹா பி.எஸ்.ஆர்.-எஸ்.எக்ஸ்.900 கீபோர்டு வீட்டுக்கு வந்த நாளுக்கும், அதை வைத்து நான் முதன்முதலாக மேடையேற வேண்டியிருந்த கோயில் கொடை விழாவுக்கும் இடையில் ஆறு வாரங்கள் இருந்தன. 11 ஆண்டுகள் வேறொரு கீபோர்டில் வாசித்துப் பழகிய கைகளுக்கு அந்த அவகாசம் போதுமா என்ற கவலை எனக்கு இருந்தது. ஒலிப்பலகையைத் தொட்டவுடன் ஓசை வருவது மட்டுமே அதை அறிந்ததாகாது. பாடுகிறவர் ஓரிடத்தில் மூச்சு எடுக்க நின்றால், அல்லது ஒரு வரியைத் திரும்பப் பாடினால், நம்முடைய கருவியும் அவரோடு நிற்கவும் திரும்பவும் வேண்டும். அதைச் செய்ய எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். அந்த ஆறு வாரங்களிலும் நான் செய்த வேலை அதுதான்.

முதல் மாலையில் 1,300க்கும் மேற்பட்ட ஒலிகளையும் 500க்கும் மேற்பட்ட ஸ்டைல்களையும் (பாட்டுக்குப் பின்னணியாகக் கருவி தானே வாசிக்கும் இசை அமைப்புகள்) ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். கச்சேரியில் எனக்குத் தேவைப்படுபவை ஏறத்தாழ 40 ஒலிகள். அவற்றைக் குறித்துக்கொண்டு, கையேட்டைப் படிக்க உட்கார்ந்தேன். அப்படிப் படித்ததால் ஒரு பெரிய சங்கடத்திலிருந்து தப்பினேன் என்றே சொல்ல வேண்டும். 30 நிமிடங்கள் யாரும் தொடாமல் இருந்தால் கருவி தானாகவே அணைந்துவிடும்படி அதில் முன்னமைவு இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கொடை மேடைகளில், இடையில் விழாக் குழுவினர் பேசி, நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆவது வழக்கம். இடது கோடியில் உள்ள கடைசிக் கட்டையை அழுத்தியபடி கருவியை இயக்கினால் அந்த அமைவு நீங்கிவிடும். அதை அன்றே செய்து முடித்தேன்.

அரேஞ்சர் கீபோர்டின் உயிர் இடது கையில் இருக்கிறது. இடது கை ஒரு கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்களைப் பிடித்தால், அதற்கேற்பத் தாளம், பேஸ் எனப்படும் கீழ் ஸ்வரப் பகுதி, கிட்டார், தந்தி வாத்தியங்கள் ஆகியவற்றைக் கருவி தானே வாசிக்கும். இடது கை விரல்களைக் கருவி எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். பழைய கருவியில் நான் ‘ஃபிங்கர்ட்’ முறையில் வாசித்தேன். அதில் கார்டை எப்படிப் புரட்டிப் பிடித்தாலும் பேஸ் அதன் மூல ஸ்வரத்தையே வாசிக்கும். புதிய கருவியில் ‘ஃபிங்கர்ட் ஆன் பேஸ்’ முறைக்கு மாறினேன். நம் திரைப்பாடல்கள் பலவற்றில் கார்டு ஒன்றாகவும் பேஸ் வேறாகவும் நகரும் இடங்கள் வருவதால், அந்த நடையை வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் முதல் வாரம் முழுவதும் பேஸ் அலைந்துகொண்டே இருந்தது. காரணம் என் பழக்கம்தான். ஸி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகும்போது கையை அதிகம் நகர்த்தாமல் ஸி-எஃப்-ஏ என்று பிடிப்பேன். ஜி மேஜரை பி-டி-ஜி என்று பிடிப்பேன். இந்த முறையில் மிகத் தாழ்ந்த ஸ்வரமே பேஸ் ஆவதால், எஃப், ஜி என்று ஒலிக்க வேண்டிய பேஸ் ஸி, பி என்று ஒலித்தது. ஒன்று, கையை நகர்த்தி மூல ஸ்வரத்தைக் கீழே வைத்துப் பிடிக்கப் பழக வேண்டும். அல்லது தேவையான இடத்தில் மட்டும் முறையை மாற்ற வேண்டும். நான் இரண்டையும் செய்தேன். நாம் விரும்பும் வேலையை ஒப்படைப்பதற்கென்று ஏ முதல் எஃப் வரை ஆறு பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு இவ்விரு முறைகளுக்கும் இடையே மாறும் வேலையைக் கொடுத்தேன்.

ராகத்தில் ஊன்றி நிற்கும் பாடல்களில்தான் அதிக நேரம் செலவிட்டேன்; அந்த நேரம் வீணாகவில்லை. ஸ்டைல்களில் உள்ள கார்டுப் பகுதிகள் மேற்கத்திய இசையை எண்ணி அமைக்கப்பட்டவை. மாயாமாளவகௌளையில் அமைந்த ஒரு பக்திப் பாடலை எடுத்துக்கொண்டால், ஸட்ஜத்தின் மீது மேஜர் கார்டும் மத்யமத்தின் மீது மைனர் கார்டும் ராகத்துக்குள் அடங்கிவிடும். பஞ்சமத்தின் மீது வழக்கம்போல் மேஜர் கார்டு பிடித்தால், அதன் மூன்று ஸ்வரங்களில் கடைசியாக, ராகத்தில் இல்லாத சதுச்ருதி ரிஷபம் வந்து, சுத்த ரிஷபத்தில் இழைந்து பாடுகிறவரை நெருடும். அந்த இடத்தில் ஸட்ஜ மேஜர் கார்டையே பிடித்து, பேஸை மட்டும் பஞ்சமத்துக்குக் கொண்டுபோனேன். புதிய விரல் முறை அங்கே கைகொடுத்தது. காந்தாரம் கமகத்தோடு அசையும் பாடல்களில் காந்தாரத்தையே விட்டுவிட்டு, மூல ஸ்வரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்தேன். கருவி அதையும் ஒரு கார்டாக ஏற்றுக்கொள்கிறது. அதுவும் பொருந்தாத பாடல்களில் ஸ்டைலின் கார்டு, பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி), ஃப்ரேஸ் (சிறு இசைத் துணுக்கு) பகுதிகளை அணைத்துவிட்டு, தாளத்தையும் பேஸையும் மட்டும் விட்டு வைத்தேன். பாட்டு நன்றாக இருப்பதற்கு எல்லாப் பகுதிகளும் ஒலிக்க வேண்டியதில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். எங்கள் குழுவில் தபேலாவும் ரிதம் பேடும் இருப்பதால், பல பாடல்களில் ஸ்டைலின் தாளத்தையும் பாதியாகக் குறைத்தேன். அவர்கள் இருவரும் அதை உடனே கவனித்து மகிழ்ந்தார்கள்.

பழைய கருவியில் சக்கரத்தைக் கட்டை விரலால் உருட்டிக் கமகம் கொடுத்தேன். இதில் ஜாய்ஸ்டிக் பக்கவாட்டில் அசைகிறது. நாகஸ்வர ஒலியில் ஒரு சிறு சங்கதியைச் சரியாக எடுக்கத் தினமும் காலையில் அரைமணி நேரம் வீதம் மூன்று வாரங்கள் ஆயின.

ஒரு பாடலுக்கான ஒலி, ஸ்டைல், வேகம், அளவு என எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் நினைவில் வைப்பதை ரிஜிஸ்ட்ரேஷன் என்கிறார்கள். ஒரு தொகுப்புக்குப் பத்துப் பொத்தான்கள் என்பதால், ஒரு பாடலுக்கு ஒரு தொகுப்பு என்று வைத்துக்கொண்டேன். முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், இரண்டாம் இடையிசை என்று பாட்டின் போக்கிலேயே அவை வரிசையாக அமைந்தன. பொத்தானில் பதித்தால் மட்டும் போதாது. தொகுப்பைக் கோப்பாகவும் சேமித்தாக வேண்டும். ஒரு மாலை முழுவதும் அமைத்த ஒரு தொகுப்பைச் சேமிக்காமல் அடுத்ததற்குப் போய், அத்தனையையும் மறுபடி செய்தேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பென் டிரைவிலும் ஒரு படி எடுத்து வைத்தேன்.

நான்காம் வார ஒத்திகையில் நடந்த ஒன்றை, இந்தக் கருவியை வாங்கும் எவருக்கும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்ததால், ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடும் பாட்டை ஐந்து கட்டையில் வைக்கச் சொன்னார். நானும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி அரைக் கட்டை இறக்கினேன். பல்லவி நன்றாகப் போயிற்று. இடையிசைக்காக அடுத்த ரிஜிஸ்ட்ரேஷனை அழுத்தியவுடன், அதில் பதிந்திருந்த பழைய சுருதி திரும்பி வந்து, வயலின்கள் ஐந்தரையில் ஒலித்தன. மேடையில் இப்படி நடந்திருந்தால் அந்தப் பாட்டை மீட்டிருக்க முடியாது. அன்றிரவே எல்லாத் தொகுப்புகளையும் திறந்து, முதல் பொத்தானைத் தவிர மற்றவற்றில் சுருதி பதியாதபடி நீக்கி மீண்டும் சேமித்தேன். குறிப்பிட்ட அமைவுகள் மட்டும் மாறாமல் இருக்கும்படி பூட்டி வைக்கும் ‘ஃப்ரீஸ்’ வசதியும் இருக்கிறது. அவசரத்துக்கு அதுவும் உதவும்.

தாளமில்லாத தொகையறாவில் தொடங்கும் பாடல்களுக்கு வேறொரு ஏற்பாடு தேவைப்பட்டது. ஸ்டைல் ஓடாத நேரத்திலும் இடது கை கார்டு ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு, பாடகி பாடும் வரை கார்டுகளால் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தேன். கருவியில் பெடலுக்கு இரண்டு ஜாக்குகள் உள்ளன. ஒன்றை ஒலியை நீட்டும் ஸஸ்டெயினுக்கு வைத்து, மற்றொன்றுக்கு ‘ஸிங்க் ஸ்டார்ட்’ வேலையைக் கொடுத்தேன். தொகையறாவின் கடைசிச் சொல் முடியும்போது அந்தப் பெடலை மிதித்தால், அடுத்து நான் பிடிக்கும் கார்டோடு தாளம் தொடங்கும். எப்போது மிதிப்பது என்பதற்காகப் பாடகியின் முகத்தைப் பார்த்தே வாசிக்கப் பழகினேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது.

கொடையன்று இரவு ஜெனரேட்டர் மின்சாரத்தை நம்பாமல் ஒரு யு.பி.எஸ். வழியாக அடாப்டரை இணைத்தேன். 40 பாடல்களையும் பிளேலிஸ்ட்டில் அகர வரிசையில் ஆங்கில எழுத்துகளில் பெயரிட்டு வைத்திருந்ததால், நேயர் விருப்பமாக வந்த பாடல்களை எடுக்கத் தாமதமாகவில்லை. ஒரு தொகையறாவை அம்மன் சன்னதியைப் பார்த்தபடி பாடகி ஒத்திகையில் பாடியதைவிட இரு மடங்கு நீட்டிப் பாடினார். நான் கார்டைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் தலையசைத்தபோது பெடலை மிதித்தேன். தபேலாவும் ஸ்டைலும் ஒரே அடியில் சேர்ந்தன. நள்ளிரவுக்குப் பிறகு வண்டியில் திரும்பும்போது, திருத்த வேண்டிய மூன்று பாடல்களை நோட்டில் எழுதிக்கொண்டேன்: இரண்டில் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒன்றில் இரண்டாம் சரணத்துக்கு முன் பேஸை நிறுத்தித் தபேலாவைத் தனியே விட வேண்டும்.