ஜெர்மனியில் ஓர் இன்டர்கூலர்

ஜெர்மனியில் எஞ்சின் வேலையை நாமே செய்வது கஷ்டமில்லை. அதை எந்த இடத்தில் செய்வது என்பதுதான் சிக்கல். நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஸிண்டெல்ஃபிங்கனில், ஓர் அடுக்குமாடி வீட்டில். கீழ்த்தளப் பார்க்கிங்கில் ரிப்பேர் வேலை கூடாதென்று வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தெருவில் வைத்து ஆயில் மாற்றினால் அபராதம். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் மேல்வீட்டுப் பாட்டி இறங்கி வந்துவிடுவார். மாடிப்படி துடைப்பதற்கே வாரமுறை போட்டுக்கொள்ளும் ஊர் இது!

கோயம்புத்தூரில் ஆர்எக்ஸ் 100-க்கு ஜெட், சைலன்சர் மாற்ற மெக்கானிக் அண்ணன் கடை வாசலே போதும். வண்டியை இஷ்டப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அங்கேயும் தடுக்கத்தான் செய்கிறது. யார் கேட்டார்கள்?

இங்கே நான் வாங்கியது பழைய கோல்ஃப் 7 ஜிடிஐ. 2 லிட்டர் டர்போ, 220 குதிரைத்திறன். (மெர்சிடிஸ் தொழிற்சாலை ஊரில் ஃபோக்ஸ்வாகன் ஓட்டுகிறாயா என்ற கேலி தனி.) கோடையில் ஏ81 சாலையில் தொடர்ந்து மிதித்தால் வண்டி சோர்ந்துபோகும். எஞ்சினுக்குள் அனுப்பும் காற்றை டர்போ அழுத்தும்போது அது சூடாகிறது. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் பவரும் குறைவு. போதாக்குறைக்கு, நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) வராமலிருக்க, எஞ்சினை நடத்தும் கணினியான இசியு இக்னிஷனைத் தாமதப்படுத்திவிடும். இசியு மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டும் சிப் ட்யூனிங் செய்யச் சொன்னார்கள். இருக்கிற பவரையே சூடு தின்றுகொண்டிருக்கும்போது மேலே ஏற்றி என்ன பயன்? டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் பெரியதாக ஒன்று வாங்கினேன்.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கென்றே இங்கே 'மீட்வெர்க்‌ஷ்டாட்' உண்டு. லிஃப்ட், டூல்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். நான் போன இடத்தில் மணிக்கு 20 யூரோ. வண்டியைத் தூக்கி, அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியையும் ரேடியேட்டர் ஃபேனையும் கழற்றினேன். கோல்ஃபில் இன்டர்கூலர், ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. டார்க்ஸ் ஸ்க்ரூக்களை எடுத்ததும் கண்டென்சர் தொங்கும். அதன் குழாய் வளைந்தால் ஏசி கேஸ் போச்சு. பக்கத்து லிஃப்டில் பிரேக் மாற்றிக்கொண்டிருந்த துருக்கிக்காரர் கேட்காமலே வந்து அதைத் தாங்கிப் பிடித்தார். இரண்டு வருடமாக ஒரே மாடியில் இருப்பவர்கள்கூட என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவி, கிளிப் 'டக்'கென்று விழும்வரை குழாய்களை அழுத்தச் சொன்னதும் அவர்தான். அங்கே கசிந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், நிற்காது.

அப்புறம் காகிதம். பாகத்துடன் 'டைல்குட்டாக்டன்' என்ற தொழில்நுட்பச் சான்று வந்தது. அது இருந்தாலும், மாட்டியவுடன் வண்டியை டியூஃப் (TÜV) மாதிரியான வாகனச் சோதனை நிலையத்தில் காட்டியாக வேண்டும். பொறியாளர் டார்ச் அடித்து, பாகத்தில் பொறித்த எண்ணைச் சான்றோடு ஒப்பிட்டு, குழாய்களை அசைத்துப் பார்த்து ஒரு தாள் கொடுத்தார். அதை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டாயிற்று.

சரி, பலன்? அதே சாலை, அதே மாதிரி வெயில். முன்பு 60 டிகிரியைத் தாண்டிய உள்வரும் காற்று இப்போது 40-ஐ ஒட்டியே நிற்கிறது. பக்கத்து ஊர் நண்பன் ஒருவன் இணையத்தில் பாதி விலைக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். சான்று வருகிறதா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.