வலி நின்ற எட்டு மாதம்

என் வேலையே எண் எழுதுவதுதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. டிரெய்லர் கேட்டுக்கு வந்ததும் பெட்டியின் நாலு எழுத்தையும் ஏழு இலக்கத்தையும் சரிபார்க்கணும், சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கணும், அப்புறம்தான் உள்ளே விடணும். 11 வருடமாக இதே வேலை. பல்லுக்கும் எண் உண்டு என்று எனக்குத் தெரிந்தது போன பங்குனியில்தான்.

டாக்டரம்மா சீட்டில் 46 என்று எழுதினார். "மேடம், எனக்கு 41 வயசுதான் ஆகுது" என்றேன். சிரித்துவிட்டார். வாயை நாலு பாகமாகப் பிரித்தால் கீழ் வலது பக்கம் நாலாம் பாகம். நடுப்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஆறாவதாக வரும் கடவாய்ப் பல் ஆறு. ஆக, அது நாற்பத்தாறு இல்லை, நாலு ஆறு. என் வாயில் பழுதான பெட்டி அதுதான்.

பழுது வெளியே தெரிந்தது அதற்கு முந்தைய ஆடியில். பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச்சில் நின்று அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே நொறுக்கிப் போட்ட மொறுமொறு பேஜோ 'கடக்' என்றது. அது பேஜோ இல்லை, பல். நாக்கால் தடவிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சில்லைக் காணோம். துப்பிவிட்டு, வாழைத்தண்டு சூப்பையும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பேஜோவுக்கெல்லாம் உடைகிற பல்லா என்று அப்போது தோன்றவில்லை. உள்ளே சொத்தை குடைந்து, மேலே வெறும் ஓடாக நின்றிருந்திருக்கிறது.

நாலு நாள் கழித்து வலி ஆரம்பித்தது. பகலில் பரவாயில்லை, சமாளித்துவிடலாம். படுத்தால்தான் தாங்காது, தலையணையில் தலை வைத்ததும் பல்லுக்குள் யாரோ மேளம் அடிப்பது போல இருக்கும். நைட் ஷிப்ட் இருந்த வாரம் எனக்கு நிம்மதியாகவே போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். ஒரு டிரைவர் அண்ணன் மூக்குப்பொடி வைக்கச் சொன்னார், அதை மட்டும் செய்யவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரையை முழுங்காமல் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு தூங்கினேன். காலையில் கன்னத்தின் உள்தோல் வெந்து வெள்ளையாக உரிந்து வந்தது. பல்வலியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்தது.

அந்தப் பத்து நாளில் ஒரு கிளினிக்குக்கும் போனேன். அங்கே எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பிடுங்கிட்டு ஸ்க்ரூ பல் வச்சிக்கலாம், முப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், திரும்ப அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

பதினொன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. சுத்தமாக. யார்டில் எல்லாரிடமும் கிராம்புத் தைலத்தின் பெருமையைப் பேசினேன். அடுத்த எட்டு மாதம் வலதுபக்கம் கடிக்காமல் இடதுபக்கமே மென்றுகொண்டு, அதைப் பெரிய விஷயமாகவே நினைக்காமல் ஓட்டினேன்.

மாசிக் கடைசியில் அந்தப் பல்லுக்கு நேர் கீழே ஈறில் அரிசி அளவுக்கு ஒரு பரு வந்தது. அழுத்தினால் உப்புக்கரிக்கிற மாதிரி ஏதோ கசியும், ரெண்டு நாளில் அமுங்கும், மறுபடி வரும். வலியே இல்லை. என்னை டாக்டரிடம் துரத்தியது பரு இல்லை, வீட்டுக்காரிதான். "பேசணும்னா அந்தப் பக்கம் திரும்பிப் பேசு" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன சொல்லணும்?

இந்தமுறை தண்டையார்பேட்டையிலேயே வேறு ஒரு கிளினிக். டாக்டரம்மா என் தங்கையைவிடச் சின்னவர். முதலில் பஞ்சில் ஏதோ ஸ்ப்ரே அடித்து, பனிக்கட்டி மாதிரி ஆனதும் பக்கத்துப் பல்லில் வைத்தார். துள்ளிவிட்டேன். அதையே 46-ல் வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்புறம் கண்ணாடிக் குச்சியின் பின்முனையால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். 46-ல் மட்டும் சுரீர் என்றது. கடைசியாகச் சின்ன எக்ஸ்ரே. பல் வெள்ளையாக, எலும்பு சாம்பல் நிறமாக, வேரின் நுனியில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம்.

"வலி போனது நல்ல சேதி இல்லண்ணா. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. வலிக்கறதுக்கு அங்க ஆளே இல்ல" என்றார்.

எனக்கு விளங்கும்படி அவர் சொன்னது இதுதான். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் ஒரு சின்ன அறை இருக்கிறது. சொத்தை அங்கே எட்டியதும் உள்ளே வீங்குகிறது. மற்ற இடமாக இருந்தால் வீக்கம் வெளியே தள்ளும், இங்கே நாலு பக்கமும் கெட்டிச் சுவர். அதனால்தான் அந்த மேள அடி. கொஞ்ச நாளில் அழுத்தம் தாங்காமல் நரம்பு செத்துவிடும், வலியும் நின்றுவிடும். ஆனால் கிருமி அங்கேயேதான் இருக்கும். வேரின் நுனி வழியாக இறங்கி எலும்பை அரிக்கும், வழி கிடைத்தால் ஈறு வழியாகச் சீழாக வெளியே வரும். நான் எட்டு மாதம் கிராம்புக்குப் பெருமை கொடுத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

வலி இருந்தபோதே வந்திருந்தால் ஒரு எக்ஸ்ரேயோடு தெரிந்திருக்கும். அதற்கும் ரெண்டு வருடம் முன்னால், சில்லென்று குடித்தால் கூசுகிறதே என்ற அளவில் வந்திருந்தால், சாதாரண அடைப்போடு முடிந்திருக்கும். இப்போது ரூட் கேனாலுக்கு 4,500, மேலே கேப் போட 4,000. அம்மாவுக்குப் பல் எடுத்ததெல்லாம் கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். 1953-லிருந்து இருக்கும் இடம், நம் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிய இடமும்கூட. பகல் நேரத்தில் நாலைந்து தடவை போய்வர முடிகிறவர்கள் அங்கே போகலாம். எனக்கு லீவு கிடைக்காததால் ஏரியாவிலேயே பார்த்துக்கொண்டேன்.

ரூட் கேனால் என்றாலே எல்லாரும் பயமுறுத்துவார்கள். நிஜத்தில் வலித்தது ஊசி மட்டும்தான், அதுவும் பத்து விநாடி. கீழ்த்தாடையின் பின்பக்கம் போட்டார். கொஞ்ச நேரத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டன. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் ஒன்றை மாட்டினார். எச்சில் உள்ளே போகக்கூடாது, மருந்தும் ஊசியும் தொண்டைக்குள் இறங்கக்கூடாது, அதற்குத்தான். அப்புறம் கலர் கலராகப் பிடி வைத்த மெல்லிய ஊசிகள். ஒவ்வொன்றாக வேருக்குள் விட்டு அராவினார். பக்கத்தில் ஒரு சின்ன மெஷின், ஊசி வேரின் நுனியை நெருங்க நெருங்க 'பீப் பீப்' என்று வேகமாகக் கத்தும், டிரெய்லர் ரிவர்ஸ் எடுப்பது மாதிரி. என் பல்லில் மூன்று கால்வாய். நடுநடுவே மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது அடித்த வாசனை நல்ல பழகிய வாசனை; தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டால் வருமே, அது.

முதல் நாள் உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். மரத்தது விடும்வரை எதையும் மெல்லக்கூடாது, உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள் என்று ரெண்டு தடவை சொன்னார். நான் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன் போல, வழியில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன். உதடு மூன்று நாள் வீங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துப் போனபோது ஈறில் பரு இல்லை. கால்வாய்களில் ரப்பர் மாதிரி ஒன்றை நிரப்பி மூடினார், அது ஒரு மரத்துப் பாலிலிருந்து வருவதாம். அப்புறம் பல்லைச் சுற்றிலும் இழைத்து, அச்சு எடுத்து, அடுத்த வாரம் கேப். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே உயரம் தட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். பல் சரியாகிவிட்டதே, கேப் எதற்கு என்று கேட்டேன். பாதிச் சுவர் போன பல், மூடி போடாவிட்டால் இன்னொரு அத்தோவுக்கு ரெண்டாகப் பிளக்கும், அப்போது பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார்.

செலவு செய்த பிறகுதான் காது திறக்கும் இல்லையா. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். ஏழு என்றேன், எட்டு என்று சொல்ல வெட்கம். எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை தடவை என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. இனிப்பு வாய்க்குள் போகும் ஒவ்வொரு தடவையும் பல்லின் மேல் படிந்த கிருமி அதை அமிலமாக்குகிறது, எனாமலில் இருக்கும் சத்து கரைகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி, முக்கால் மணி ஆகிறது. அதற்குள் நான் அடுத்த டீயை வாங்கிவிடுகிறேன். சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பல்லுப் பூச்சி எடுக்கிறேன் என்று ஒருவர் வருவார், வாயிலிருந்து வெள்ளைப் புழு எடுத்துக் காட்டுவார். புழுவை அவரே கொண்டு வந்திருப்பார் என்பது இப்போது தெரிகிறது. சொத்தைக்குள் பூச்சி ஏதும் இல்லை. சர்க்கரையும் கிருமியும் நேரமும்தான்.

எட்டு டீ இப்போது மூன்றாகிவிட்டது, அதில் ஒன்றுதான் சர்க்கரையோடு. முதல் வாரம் தலைவலித்தது.

பல் தேய்ப்பதில் நான் கில்லாடி என்று நினைத்திருந்தேன். காலையில் ஒரு தடவை, கெட்டி பிரஷ், தரை கழுவுகிற வேகம். அந்த வேகத்தில்தான் மேல் பற்களில் ஈறோரம் வெட்டுக்குழி விழுந்திருக்கிறதாம். மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, ரெண்டு நிமிடம். ராத்திரி தேய்ப்பதைத்தான் விடவே கூடாது, தூங்கும்போது எச்சில் வற்றிவிடும், காவலுக்கு ஆள் இல்லை. நைட் ஷிப்ட்காரனுக்கு ராத்திரி எது என்று கேட்டேன். "நீங்க எப்ப படுக்கறீங்களோ அதுதாண்ணா ராத்திரி." பேஸ்ட்டில் ஃப்ளூரைடு இருக்கணும், ட்யூபின் பின்பக்கம் 1,000 பிபிஎம் என்ற மாதிரி போட்டிருக்கும். வீட்டில் பார்த்தேன், நாங்கள் வாங்கிய மூலிகைப் பேஸ்ட்டில் ஏலக்காய் முதல் வேம்பு வரை இருந்தது, ஃப்ளூரைடு இல்லை. தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளித்துக் கழுவிவிடக் கூடாது என்பதுதான் பழக ரொம்ப நாள் பிடித்தது. வாயில் பேஸ்ட்டோடு படுப்பதா என்று அம்மாவுக்கு இன்றைக்கும் ஏற்கவில்லை.

க்ளீனிங் பண்ணினால் பல் ஆட்டம் காணும் என்பதும் அம்மாவின் கட்சிதான். எனக்குப் பண்ணினார்கள். எட்டு மாதம் மெல்லாமல் விட்ட வலதுபக்கம்தான் காரை அதிகம் கட்டியிருந்ததாம். எடுத்ததும் பல்லிடுக்கில் காற்று போவது போல இருந்தது. காரை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதால் வரும் உணர்வு அது, பல் ஆடவில்லை. ஈறில் ரத்தம் வருவது ரெண்டு வாரத்தில் நின்றது.

கடைசி நாளில் மகளையும் கூட்டிப் போனேன், 6 வயது. அவளுக்கும் 46 வந்திருந்தது! எந்தப் பால்பல்லும் விழாமல், வரிசைக்குப் பின்னால் அமைதியாக முளைத்திருக்கிறது. பால்பல் தானே, விழுந்து முளைக்கும் என்று நானும் விட்டிருப்பேன். ஆயுசுக்கும் அவளுக்கு அந்த ஒன்றுதான். அதன் மேல் இருக்கும் ஆழமான பள்ளங்களில் சீலன்ட் பூசிவிடலாம், சொத்தை பிடிக்காது என்றார் டாக்டரம்மா. சீல் இல்லாத பெட்டியை உள்ளே விடாதவனிடமா கேட்பது? உடனே பூசச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் மறுபடி செகண்ட் லைன் பீச். கேப் போட்ட பல்லில் தாராளமாக மெல்லலாம் என்று சொல்லியிருக்கிறார். தட்டு கைக்கு வந்தது, பேஜோ கொஞ்சம் தூக்கலாகவே போடச் சொன்னேன். முதல் வாய் இடதுபக்கம்தான் போனது.