அத்தையின் அடுப்படியும் 60 மில்லிமீட்டரும்

மலேசியாவின் பினாங்கில், ஜூரு பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்கு எப்போது போனாலும் அத்தை என்னை நேராக அடுப்படிக்குக் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டுவார். டீ அப்புறம்தான் வரும். பழைய வீடும் பின்னால் சேர்த்துக் கட்டிய அடுப்படியும் ஒட்டுகிற இடத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். கீழே மயிரிழை, மேலே போகப் போக அகலம். ஜன்னல் உயரத்தில் 10 சென் காசு தாராளமாக நுழையும். மாமா அதன் குறுக்கே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, பக்கத்திலேயே தேதியும் எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பது போல.

"ஏம்மா, நீ மண்ணு இஞ்சினியர்தானே, இது எப்ப நிக்கும்னு சொல்லு."

ஏன் விரிசல் விட்டது, யாரைக் குற்றம் சொல்வது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. எப்போது நிற்கும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது.

அடுப்படியைக் கட்டியது 2021-ல். இருபதடி அகல தெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியது), பின்பக்கம் பத்தடி நீட்டியிருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த குத்தகைக்காரர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார், மாமா அதை மின்சார பில்களோடு பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். மண்ணின் தாங்குதிறன் கணக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் தப்பே இல்லை. பாதிக் கணக்கு, அவ்வளவுதான்.

அந்தப் பாதி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபூட்டிங் (தூணின் அடியில் பரப்பிப் போடும் கான்கிரீட் கட்டை) மண்ணை எவ்வளவு அழுத்தினால் மண் பிய்த்துக்கொண்டு பக்கவாட்டில் பிதுங்கும் என்பதற்கு மண் பொறியியல் முன்னோடி டெர்சாகி 1943-ல் மூன்று பகுதி கொண்ட ஒரு சூத்திரம் கொடுத்தார். மண்ணின் சொந்த ஒட்டு ஒரு பகுதி, ஃபூட்டிங்கைச் சுற்றி அதன் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மண்ணின் எடை ஒரு பகுதி, அடியில் இருக்கும் மண்ணின் எடையும் உராய்வும் சேர்ந்து தருவது மூன்றாவது. ஈரக் களிமண்ணில் பாரம் ஏறும் வேகத்துக்குத் தண்ணீர் வெளியேற முடியாது, அதனால் உராய்வைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறோம், மூன்றாவது பகுதி காணாமல் போய்விடும். நிகரக் கணக்கில் சுற்றியிருக்கும் மண்ணின் எடையையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது மிக எளிது: களிமண்ணின் வடியா வலிமையை (தண்ணீர் வெளியேறாத நிலையில் அதற்கு இருக்கும் வலிமை) 5.14-ஆல் பெருக்கு, சதுர ஃபூட்டிங் என்றால் இன்னொரு 1.2-ஆல் பெருக்கு. அந்த 5.14 என்பது 2-ஐயும் பை (π) என்ற எண்ணையும் கூட்டினால் வருவது. ஜெர்மன் அறிஞர் பிராண்டில் 1920-ல் உலோகத்தின் கடினத்தை ஆராயும்போது கண்டுபிடித்தது, களிமண்ணை நினைத்தே அல்ல. டெர்சாகி சொரசொரப்பான அடித்தளத்துக்கு 5.7 என்று எடுத்தார். நான் 5.14-ஓடு நின்றுகொள்வேன்.

மாமா வீட்டு மண்ணுக்கு வடியா வலிமை 20 கிலோபாஸ்கல் (ஒரு கிலோபாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோநியூட்டன்) என்று வைத்திருந்தார்கள். 5.14 × 1.2 × 20, ஏறக்குறைய 123. பாதுகாப்புக் காரணி 3 என்று வகுத்தால் 41 கிலோபாஸ்கல். ஒவ்வொரு தூணும் 55 கிலோநியூட்டன், அதாவது ஐந்தரை டன் போல இறக்குகிறது. நாலடிக்கு நாலடி ஃபூட்டிங், 1.44 சதுர மீட்டர். வகுத்தால் 38. 41-க்குள் இருக்கிறது. பாஸ்.

20 என்ற எண் சரிதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வேலியோரம் கருவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் ஒரு மீட்டர் குழி தோண்டினோம், மாமாவும் நானும். மேலே செம்மண் கொட்டி உயர்த்திய அடுக்கு. அதன் கீழே சாம்பல் நிறத்தில் களிமண், கடல் சேற்று வாடை, நடுவே ஒரு உடைந்த சிப்பி. கட்டியை எடுத்து அழுத்தினால் விரல் லேசாக அழுத்திய வடிவத்துக்கு அப்படியே வளைந்துகொடுத்தது, ஆனால் விரலிடுக்கில் வழியவில்லை. வழிந்தால் 20-க்கும் கீழே என்று அர்த்தம். ஆக 20 என்பது நியாயமான எண்.

அப்புறம் தெரிந்த பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு மெக்கின்டாஷ் புரோப் போட்டுப் பார்த்தேன். பொதுப்பணித் துறையின் பெயரில் ஜேகேஆர் புரோப் என்றும் சொல்வார்கள். நுனியில் கூம்பு வைத்த மெல்லிய கம்பி, 5 கிலோ சுத்தியல், சுத்தியல் 280 மில்லிமீட்டர் விழும், கம்பி ஒவ்வோர் அடி ஆழம் இறங்கவும் சுத்தியலை எத்தனை முறை போட வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். மேல் அடுக்கைத் தாண்டியதும் எண்ணவே வேலை இல்லை. அஞ்சு, நாலு, ஆறு. ஒரு இடத்தில் சுத்தியலை வைத்த கனத்துக்கே கம்பி தானாக இறங்கியது, அதைப் பார்த்துத் துணி காயப்போட வந்த அத்தை "ஐயோ" என்றார். எட்டு மீட்டருக்கு அப்புறம்தான் சத்தம் மாறியது. அந்த எட்டு மீட்டர்தான் விஷயம்.

ஃபூட்டிங் உடைந்து மூழ்குமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இறங்கும் என்பது இன்னொன்று. முதலாவது நடந்தால் செய்தித்தாளில் வரும். கனடாவின் டிரான்ஸ்கோனாவில் 1913-ல் ஒரு தானியக் களஞ்சியம் முதல்முறை நிரப்பும்போதே அடிமண் பிதுங்கி ஏறத்தாழ 27 டிகிரி சாய்ந்தது. கட்டடம் உடையவில்லை, அப்படியே சாய்ந்து படுத்தது, பிறகு நிமிர்த்தி இன்றும் பாடத்தில் காட்டுகிறார்கள். நம் வீடுகளில் அப்படி நடப்பது அரிது. நடப்பது இரண்டாவதுதான், அது சத்தமில்லாமல் நடக்கும்.

சரி, மிச்சப் பாதியைப் போடுவோம். களிமண்ணில் இறக்கம் என்பது நுண்துளைகளில் இருக்கும் தண்ணீர் மெதுவாகப் பிழிந்து வெளியேறுவதால் வருவது. கணக்கு முறை: மண்ணை அடுக்கடுக்காகப் பிரி, ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் கூடுதல் அழுத்தம் எவ்வளவு என்று பார், அதை அடுக்கின் தடிப்பாலும் மண்ணின் அமுங்குமைக் கெழுவாலும் பெருக்கு, கூட்டு. இந்த மாதிரி மென்களிமண்ணுக்குக் கெழுவை ஒரு மெகாநியூட்டனுக்கு ஒரு சதுர மீட்டர் என்று எடுத்தேன், அதாவது ஒரு மீட்டர் தடிப்புக்கு ஒரு கிலோபாஸ்கல் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். கீழே போகப் போகப் பாரம் விரியும். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் என்ற சாய்வில் இருபுறமும் விரிவதாக வைத்தால், நம் 38 கிலோபாஸ்கல் 0.6 மீட்டர் கீழே 17 ஆகிறது, 1.8 மீட்டரில் 6, 3 மீட்டரில் 3. அடுக்கு ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் தடிப்பு. கூட்டினால் 31 மில்லிமீட்டர். தனித்தனி ஃபூட்டிங்குக்கு 25 என்பதை எல்லையாகப் பலர் வைத்துக்கொள்வார்கள், ஆக இங்கேயே கொஞ்சம் தாண்டிவிட்டது.

ஆனால் அத்தோடு முடியவில்லை. அடுப்படித் தரை பழைய வீட்டுத் தரையோடு சமமாக வேண்டும் என்று ஒன்றரை அடி மண் கொட்டி அதன்மேல் சிலாப் போட்டிருக்கிறார்கள். கொட்டிய மண் 8, சிலாப் 3, மொத்தம் 11 கிலோபாஸ்கல். சின்ன எண்தான், அதனால்தான் யாரும் அதைத் தாளில் எழுதவில்லை. ஆனால் இது நாலடிக் கட்டையின் பாரம் அல்ல, பத்தடிக்கு இருபதடி விரிந்த பாரம், எட்டு மீட்டர் ஆழம் வரைக்கும் விடாமல் அழுத்தும். அதே முறையில் கூட்டினால் 29 மில்லிமீட்டர். கணக்கிலேயே வராத மண் குவியல், தூணின் பாரம் தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம்! இரண்டும் சேர்ந்து 60.

பழைய வீடு பைல் மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கிறது. அது அசையாது. 60 மில்லிமீட்டர் இறங்கும் ஒன்றை அசையாத ஒன்றோடு, பழைய தூணில் துளை போட்டு எபாக்சிப் பசை வைத்து நாலு கம்பி சொருகிக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? அத்தை காட்டுவது ஆகும். இந்தத் தாமான் (குடியிருப்பு) முழுக்க இதே கதைதான், கொஞ்சம் கவனித்தால் தெரியும். வயலை மண் கொட்டி உயர்த்திய இடம், வீடுகள் பைலில் தொங்கி நிற்கின்றன, நிலம் மட்டும் இன்னும் இறங்குகிறது. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வாசலுக்கு ஏறும் படி வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போகும், பாதிப் பேர் கூடுதலாக ஒரு படி கட்டிக்கொண்டார்கள். மாமா வீட்டுச் சிங்க் தண்ணீர் வாசனையடித்ததும் இதனால்தான். குழாயின் சாய்வு தலைகீழாகி, அழுக்குத் தண்ணீர் வெளியே போகாமல் வீடும் அடுப்படியும் ஒட்டுகிற இடத்தில் தேங்கியிருந்தது.

எப்போது நிற்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் வெளியேறுகிற தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத்தான் காலம் நீளும். களிமண்ணுக்கு அடியில் மணல் இருந்து இரண்டு பக்கமும் வடிந்தால் தூரம் 4 மீட்டர். தண்ணீர் பிழிந்து வெளியேறும் வேகத்தைச் சொல்லும் கெழுவை வருஷத்துக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்துப் பார்த்தால் பாதி இறக்கம் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே, தொண்ணூறு சதவீதம் ஏழு வருஷத்துக்குச் சற்றுக் கீழே. மேலே மட்டும்தான் வடியும் என்றால் தூரம் 8 ஆகிறது, காலம் நாலு மடங்கு, 27 வருஷம். எட்டு மீட்டரில் சத்தம் மாறியது மணலா, கெட்டிக் களிமண்ணா என்று புரோப் சொல்லாது, அதற்குப் போர்ஹோல் போட்டு, அதாவது துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். மாமாவிடம் "2028 வாக்கில், இல்லேன்னா நீங்க பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணும்போது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பாலம் தாண்டிப் பினாங்குத் தீவில் மலையடிவாரத்தில் வேலை பார்த்தால் இந்தத் தொல்லையே வேறு மாதிரி இருக்கும். அங்கே கருங்கல் சிதைந்து வந்த மண், மணல் கலப்பு, எஸ்பிடி எண் (துளைக்குள் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி எண்ணுவது) 10 வந்தால் தோராயமாக 100 கிலோபாஸ்கல் கொடுத்து 25 மில்லிமீட்டருக்குள் நிறுத்திவிடலாம், இறக்கமும் பெரும்பாலும் கட்டும்போதே முடிந்துவிடும். நிலத்தடி நீர் ஃபூட்டிங் அடிவரை ஏறினால் டெர்சாகி சூத்திரத்தின் மூன்றாவது பகுதி பாதியாகும், அதை மட்டும் மறக்கக் கூடாது. அப்புறம் அங்கே சரிவுதான் பயம், அது வேறு பதிவு.

மாமாவுக்கு என்ன செய்வது? பக்காவ் கட்டை அடிக்கலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். ஐந்து மீட்டர் கண்டல் கட்டை இந்தக் களிமண்ணின் நடுவிலேயே நின்றுவிடும், அடியில் இருக்கும் மிச்சம் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும், அதுவும் ஏற்கெனவே கட்டி முடித்த அடுப்படிக்குக் கீழே எங்கே அடிப்பது. மைக்ரோ பைல் (மெல்லிய துளை போட்டு இறக்கும் பைல்) வேலை செய்யும், ஆனால் விலை கேட்டதும் மாமா பேச்சை மாற்றிவிட்டார். கடைசியில் நான் சொன்னது, இறங்குகிறதை இறங்க விடுவது. சொருகிய கம்பிகளை அறுத்து, தூணையும் உத்தரத்தையும் பழைய வீட்டிலிருந்து பிரித்து, அந்தப் பக்கத்துக்கு அடுப்படிக்கே சொந்தமாக ஒரு தூண் வரிசை, நடுவில் 25 மில்லிமீட்டர் இடைவெளி, இளகிய சீலன்ட், மேலே கூரையில் தகடு ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. குழாய்க்கு வளைகிற இணைப்பு. அத்தையின் அலமாரி அந்த இடைவெளியைத் தாண்டக் கூடாது. கூரை ஓடுகளைக் கழற்றி மெட்டல் ஷீட் போட்டால் பாரமும் குறையும் என்றேன், மழைச் சத்தம் தாங்காது என்று அத்தை மறுத்துவிட்டார்.

வேலை ரமலான் மாதத்துக்கு முன்னால் முடிந்தது. போன வாரம் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். புது இடைவெளிக்குப் பக்கத்தில், பழைய வீட்டுச் சுவரிலும் அடுப்படிச் சுவரிலும் ஒரே மட்டத்தில் இரண்டு பென்சில் கோடுகள், கீழே தேதி. வலப்பக்கக் கோடு ஒரு மயிரிழை இறங்கியிருப்பது போலத் தெரிகிறது, அல்லது கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்.