‘எல்லாருக்கும் ஒரே பாடம்தானே சார்?’

மகனுக்கு அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்கள் போட்டு முடித்தாயிற்று. கட்டுரை, டோஃபல், டீச்சர் கடிதம் எல்லாம் தன் பாட்டுக்கு நடந்தன. உயிரை எடுத்தது, பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போடும் காமன் ஆப் இணையதளத்தில் பள்ளி நிரப்ப வேண்டிய பகுதிதான். சென்னையில் சிபிஎஸ்இ பள்ளியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்கு முயல்பவர்கள் இதை ஜூலையிலேயே கையில் எடுங்கள்.

எங்கள் பள்ளியின் கவுன்சிலருக்கு ஜேஇஇ, நீட் அத்துப்படி. இதைக் கேட்டதும், “அதெல்லாம் பிரின்சிபல் மேடம்தான்” என்று கழன்றுகொண்டார். மேடத்தின் மெயிலைப் பார்ப்பவரோ ஆபீஸ் கிளார்க். “எதுவும் வரலையே சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து தேடச் சொன்னேன். அந்தப் பகுதியை நிரப்பச் சொல்லி காமன் ஆப் அனுப்பிய அழைப்பு ஸ்பாமில் கிடந்தது. அலுப்பில் தன்னுடைய ஜிமெயில் முகவரியையே தருகிறேன் என்றார். ஒத்துக்கொள்ளாதீர்கள், பள்ளியின் சொந்த முகவரியிலிருந்து போவதற்குத்தான் மதிப்பு.

அடுத்தது மதிப்பெண். கல்லூரிகளில் ஒன்பதாவதிலிருந்து கேட்பார்கள். இவன் ஒன்பதாவது படித்தது வேறு பள்ளியில். அங்கே போனால் மழை விடுமுறை என்று வாசலே பூட்டியிருந்தது. இங்கே கிளார்க், மதிப்பெண்களை ஜிபிஏ என்ற அமெரிக்கச் சராசரிப் புள்ளியாகக் கணக்குப் போட்டுத் தருவதாகக் கால்குலேட்டரோடு கிளம்பினார். அவர் கையைப் பிடிக்காத குறைதான். மதிப்பெண்ணை உள்ளபடியே கொடுங்கள், அதை எப்படிப் படிப்பது என்று கல்லூரிக்காரர்களுக்குத் தெரியும்.

உண்மையில் வயிற்றைக் கலக்கியது பள்ளியின் பகுதியில் இருந்த ஒரே ஒரு கேள்வி. இதே பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம்? சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி ஐந்து படிகள். மேடம் வாய்விட்டே யோசித்தார்: “எல்லாருக்கும் ஒரே போர்டு, ஒரே பாடம்தானே சார்? சராசரின்னு போட்டுடலாமா?”

அமெரிக்கக் கல்லூரிகள் தங்களைப் பற்றி வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற விவரத் தொகுப்பில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் சி7 பகுதியைப் பாருங்கள். பாடங்களின் கடினத்துக்கு ‘மிக முக்கியம்’ என்று குறித்திருக்கும் பெரிய கல்லூரிகள் நிறைய. அங்கே போய் ‘சராசரி’யா!

ஒரே பாடம் என்பதும் சரியில்லை. பத்தாவதில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு கணிதம். பதினொன்றில் அப்ளைடு மேத்ஸ் தனி. காமர்ஸ் குரூப்பில் கணிதமே தொடாமலும் முடிக்கலாம். இவன் ஆங்கிலம், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் போதாதென்று ஆறாவது பாடமாக பயாலஜியும் எடுத்தவன். பள்ளியில் என்னென்ன குரூப், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், ஆறாவது பாடம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி கிளார்க்கிடம் கேட்டோம். பாராட்டு வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் விவரம். மேடம் படித்துவிட்டு, “அட, இப்படிப் பார்க்கவே இல்லையே” என்றார். எதில் டிக் போட்டார் என்று கேட்கவில்லை. பள்ளி அனுப்பும் கடிதங்களைப் பார்க்கும் உரிமையைப் பையன் விண்ணப்பத்தில் விட்டுக்கொடுத்திருந்தான், கேட்பது முறையும் இல்லை. அதே பக்கத்தை லெட்டர்ஹெட்டில் போட்டு, பள்ளி விவரக் குறிப்பாகவும் ஏற்றிவிட்டார்கள். அதுவும் கேட்கப்படும் தாள்தான், பள்ளியில் அதுவரை இல்லை.

இன்னொன்று. சமர்ப்பித்ததோடு பள்ளியை விட்டுவிடாதீர்கள். அரையாண்டு மதிப்பெண்ணோடு மிட்இயர் ரிப்போர்ட், மே மாதம் ரிசல்ட் வந்ததும் ஃபைனல் ரிப்போர்ட், இரண்டும் காமன் ஆப்பில் பள்ளிக்கு உள்ள அதே அக்கவுண்டிலிருந்துதான் போக வேண்டும். பாஸ்வேர்டை மேடம் எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.