கூலி கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

வருமான வரி ரிட்டர்னை ஆன்லைனில் போட அரசாங்கம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. எங்கள் கீழக்கரையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, ஏனென்றால் பிரவுசிங் சென்டரில் 500 கேட்கிறார்கள், ராமநாதபுரம் போனால் 1,000, 1,500 என்று ஏறுகிறது, அதெல்லாம் கவர்மென்ட் ஃபீஸ் என்றே நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது நமக்காக உட்கார்ந்து அடித்துக் கொடுப்பவரின் கூலி. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் பத்து நிமிட வேலைக்கா, பத்து நாள் வேலைக்கா என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன், இதுதான் தளம். பான் எண்தான் யூசர் ஐடி. சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர், கூட ஒரு வீட்டு வாடகை, பேங்க் வட்டி, எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். சம்பளம், வட்டி, கம்பெனியோ பேங்க்கோ முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டே வரும், நாம் சரிபார்த்தால் சரி. எதை வைத்துச் சரிபார்ப்பது? கம்பெனி கொடுக்கும் ஃபார்ம் 16, அதாவது சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் சான்றிதழ், அப்புறம் அதே தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தக் கணக்கு, ஏஐஎஸ் என்ற வருடாந்தர வரவு விவர அறிக்கை இரண்டும். ஏஐஎஸ்ஸை ஒரு தடவை திறந்து பாருங்கள், நாம் மறந்துபோன பழைய டெபாசிட்டின் வட்டிகூட அதில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய விஷயம் சபராளிகளுடையது, அதாவது பிழைப்புக்கு வெளிநாடு போனவர்களுடையது. துபாய், சவுதி, கத்தார் என்று போனவர்களின் பணம், அங்கே சம்பாதித்ததை இங்கே போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்கில் இருந்தால் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. ஆனால் வாடகை போன்ற உள்நாட்டு வரவைப் போடும் என்ஆர்ஓ கணக்கில் போட்ட டெபாசிட்டின் வட்டியில் பேங்க் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிடும், மொத்தம் 31.2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் டெபாசிட், 7 சதவீத வட்டி என்று வையுங்கள், வருடத்துக்கு 70,000 வட்டி, அதில் 21,840 ரூபாய் போய்விடுகிறது. இந்தியாவில் வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு அந்த 21,840-ம் முழுசாகத் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம், ஏனென்றால் 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ரிட்டர்ன் போட்டால்தான் வரும். போடாமல் வருடக்கணக்காக விட்டவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது, வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது.

எங்கள் காக்கா, அதாவது அண்ணன், துபாயில் இருக்கிறார், அவருக்கு நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். சபராளிக்கு ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2 போட வேண்டும். படிவம் நீளமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், வட்டி மட்டும்தான் வருமானம் என்றால் அதில் முக்கால்வாசிப் பகுதி நமக்குத் தேவைப்படாது. இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்று கேட்கும், பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரோடு இணைத்த சிம் ஊரில் உம்மாவின் போனில் இருந்தால் ஓடிபி அங்கேதான் வரும், போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். அந்த நம்பரே செத்துவிட்டது என்றால் நெட் பேங்கிங் வழியாகவும் வெரிஃபை செய்யலாம். இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர் பான்-ஆதார் இணைப்பிலிருந்து விலக்கு பெற்றவர்தான், ஆனாலும் தளத்தில் தன்னை வெளிநாட்டில் வசிப்பவர் என்று மாற்றி வைக்காவிட்டால் பான் முடங்கிவிடலாம். முடங்கிய பானுக்கு ரீஃபண்ட் வராது.

மண்டபம், தேவிபட்டினம் பக்கம் கருவாடு, நண்டு வியாபாரம் செய்கிறவர்கள் வருமானமே குறைவு, நமக்கு எதற்கு என்பார்கள். லோனுக்குப் போனால் பேங்க்காரர் முதலில் கேட்பதே இரண்டு மூன்று வருட ஐடிஆர். சிறு வியாபாரிக்கு 44ஏடி பிரிவில் ஐடிஆர்-4 இருக்கிறது, கணக்குப் புத்தகம் எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரொக்கமாக விற்றதில் 8 சதவீதம், பேங்க் வழியாகவோ ஜிபேயிலோ வந்ததில் 6 சதவீதம், இதைக் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். 20 லட்சத்துக்கு விற்று அதில் பாதி ஜிபேயில் வந்தது என்றால் லாபம் 1,40,000. உண்மையான லாபம் அதைவிடக் கூட என்றால் கூடத்தான் காட்ட வேண்டும். ஆனால் கரையில் மீன் ஏலம் விட்டுக் கமிஷன் எடுப்பவர்களுக்கு இந்த 44ஏடி கிடையாது, கமிஷன் வருமானத்தைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. தெரியாமல் ஐடிஆர்-4 போட்டுக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஏலக்காரர்கள் ஆடிட்டரிடம் போவது நல்லது.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த ஆள், அவர் கணக்கில் தன் சொந்த மெயிலையும் தன் போன் நம்பரையும் பதிந்து வைத்திருந்தார். நோட்டீஸ் வந்தது, மெயிலுக்குத்தான் வந்தது, பெரியவருக்குத் தெரியவே இல்லை. இது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம். யாரிடம் போனாலும் மெயில், மொபைல், பாஸ்வேர்டு மூன்றும் உங்களுடையதாகவே இருக்கட்டும், கடையை விட்டு எழுவதற்கு முன் ப்ரொஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ரீஃபண்ட் அதிகமாக வாங்கித் தருகிறேன், அதில் எனக்குப் பங்கு கொடு என்பவரிடம் போகவே போகாதீர்கள். கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை என்று பொய்க் கழிவு எழுதித்தான் அந்த ரீஃபண்ட் வருகிறது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுக்கச் சோதனை போட்டது, தமிழ்நாடும் அதில் இருந்தது. மாட்டினால் மறைத்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம், அது தரகர் தலையில் விழாது, பான் யாருடையதோ அவர் தலையில்தான் விழும்.

கிளியர்டாக்ஸ் மாதிரி தனியார் தளங்கள் காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சுலபமாக்கும், ஷேர் வாங்கி விற்ற கணக்கு நிறைய இருந்தால் அது பிரயோசனம்தான். வெறும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் அது தேவையே இல்லை. வளைகுடாவில் இருந்துகொண்டு இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மட்டும் கட்டாயம் நல்ல ஆடிட்டரைப் பாருங்கள், வெளிநாட்டில் இருந்தாலும் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் விதி ஒன்று அந்த இடத்தில் வருகிறது.

12 லட்சம் வரை வரி இல்லையே, ஏன் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். அது கணக்கிட்ட வரியில் கொடுக்கும் தள்ளுபடி, அதுவும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட்டாக வேண்டும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31, கடைசி வாரத்தில் தளம் திணறும் என்பதால் ஃபார்ம் 16 கைக்கு வந்த ஜூன் நடுவிலேயே முடித்துவிடுங்கள். தாமதமானால் டிசம்பர் 31 வரை போடலாம், 5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் 1,000, அதற்கு மேல் 5,000 கட்டணம். அதையும் தாண்டினால் அந்த வருட ரீஃபண்டைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

கரண்ட்டும் நெட்டும் போய்ப் போய் வரும் ஊர்க்காரர்கள் நெட் இல்லாமலே படிவம் நிரப்ப உதவும் ஆஃப்லைன் யூடிலிட்டியை அதே தளத்திலிருந்து இறக்கி வைத்து நிதானமாக நிரப்பிவிட்டு, நெட் கிடைக்கும்போது ஏற்றலாம். ஏற்றிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு வெரிஃபை செய்ய வேண்டும், அதைச் செய்யாத ரிட்டர்ன் போடாததாகவே ஆகிவிடும். எங்காவது சிக்கினால் 1800 103 0025, இலவச எண், கூப்பிட்டுக் கேளுங்கள்.